அமெரிக்க மாணவர் விசா: ஐ-20 கைக்கு வருவது முதல் படிப்பு முடிவது வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டால், வீட்டில் எல்லோருடைய கவனமும் விசா நேர்காணல் என்ற ஒரு நாளின் மீதே குவிந்துவிடுகிறது. அந்த நாள் முக்கியமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் பிழையின்றி முடிக்க வேண்டிய ஆவண வேலையும், அதற்குப் பின்னால் படிப்பு முடியும்வரை கடைப்பிடிக்க வேண்டிய விதிகளும் அதைவிட மிக நீளமானவை. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, அமெரிக்க நுழைவிடத்தில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே சென்ற பிறகு ஒருவர் அங்கே சட்டப்படி இருக்கிறாரா என்பதை ‘ஸ்டேட்டஸ்’ எனப்படும் குடியேற்ற நிலையே தீர்மானிக்கிறது. அதைக் காப்பாற்றும் பொறுப்பை எந்தக் கன்சல்டன்சியாலும் ஏற்க முடியாது, அது முழுக்க முழுக்க மாணவரைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து இளநிலை, முதுநிலைப் படிப்புகளுக்குச் செல்வோரை மனத்தில் வைத்து, எஃப்-1 விசாவின் நடைமுறையை அது நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கல்லூரியும் ஐ-20 படிவமும்

கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புக்கு எஃப்-1, தொழிற்பயிற்சிப் படிப்புக்கு எம்-1, பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜே-1 என்று மாணவர் விசா மூன்று வகைப்படும். நம்மூர் மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எஃப்-1 தான். இந்த விசாவுக்கு அடிப்படை ஐ-20 என்ற படிவம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் மட்டுமே அதை வழங்க முடியும். அதை வழங்கிக் கையெழுத்திடும் அதிகாரியை டிஎஸ்ஓ என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இருப்பவர். இந்தப் பெயரை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த சில ஆண்டுகளில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவு ஒவ்வொன்றும் இவர் மேசை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

ஐ-20 கைக்கு வந்ததும் பலர் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். மேலே ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கங்கள் கொண்ட செவிஸ் எண் இருக்கும். மாணவர்களைப் பற்றிய அரசின் கணினிப் பதிவேட்டில் உங்களுக்குரிய எண் அது. படிப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், ஓர் ஆண்டுக்கான கட்டணமும் வாழ்க்கைச் செலவும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம் ஆகியவை அதன் கீழே இருக்கும். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 11.0701 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். இந்த எண் கணினி அறிவியலைக் குறிப்பது. படிப்பு முடிந்த பிறகு வேலைப் பயிற்சிக்குக் கூடுதலாக 24 மாதங்கள் கிடைக்குமா என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும். பெயரளவில் ஒன்று போலத் தெரியும் இரண்டு மேலாண்மைப் படிப்புகளில் ஒன்றுக்கு அந்த நீட்டிப்பு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்ற நிலை சாதாரணமாக ஏற்படுகிறது. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற பட்டியலில் ஒரு கல்லூரியின் பெயர் இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அமெரிக்கக் குடியேற்றத் துறையே ஒரு போலி நிறுவனத்தை நடத்தியது. அங்கே ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. ஆனால் ஐ-20 கிடைத்தது. 2019 ஜனவரியில் 130 மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள், அவர்களில் 129 பேர் இந்தியர்கள். அதற்கு முன்பு 2011 இல் கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் சோதனையிடப்பட்டு மூடப்பட்டபோது, அங்கே பதிவு செய்திருந்த இந்திய மாணவர்கள் சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. அதன் நிறுவனருக்கு 2014 இல் 16 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை கிடைத்தது. இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: வகுப்புக்குப் போகாமலே ஸ்டேட்டஸை வைத்துக்கொண்டு முழு நேரமும் வேலை பார்க்கலாம் என்ற வாக்குறுதி. இப்போதும் ‘முதல் நாளிலிருந்தே வேலை’ என்று கூவி அழைக்கும் விளம்பரங்களைப் பார்க்கிறோம். வகுப்பறை எங்கே, பேராசிரியர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.

கல்லூரித் தேர்வுக்கு முகவரை நாடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனைச் சேவை சென்னையிலும் இயங்குகிறது. அந்தச் சேவைக்கு எந்தக் கல்லூரியிடமிருந்தும் தரகு கிடையாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

பெயரும் இனிஷியலும்

தமிழ் மாணவர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இது. மற்ற வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மதிப்பெண் பட்டியலில் ‘எம். கார்த்திக்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது என்பதால் அது ‘கார்த்திக் முருகேசன்’ என்று விரியும். அப்படி விரியும்போது முருகேசன் என்பது குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்தால் சிக்கலில்லை. ஆனால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாகவும், இரண்டு பெயர்களும் சேர்ந்து கொடுக்கப்பட்ட பெயர் கட்டத்திலும் இருக்கின்றன.

அமெரிக்க முறையில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு மனிதர் இருக்க முடியாது. ஆகவே விசா விண்ணப்பத்தில் உங்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் இட்டு, முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று எழுத வேண்டியிருக்கும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதற்கான சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அங்கே போன பிறகு சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று ஒவ்வோர் இடத்திலும் உங்கள் பெயர் ஒவ்வொரு விதமாகப் பதிவாகும். ஓர் ஆவணத்தில் எஃப்என்யூ என்பதே உங்கள் பெயராகிவிடும், இன்னொன்றில் அது காணாமல் போகும். ஒவ்வொன்றையும் பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

இதற்குத் தீர்வு ஊரிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பாகவே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தந்தை அல்லது தாயின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சேர்க்கை விண்ணப்பம், ஐ-20, விசா விண்ணப்பம், விமானச் சீட்டு என எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக் கூட்டலையே பின்பற்றுங்கள். ஐ-20 இல் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், நேர்காணலுக்கு முன்பே டிஎஸ்ஓவுக்கு எழுதித் திருத்திய படிவத்தைப் பெற்றுவிடுவது நல்லது. பாஸ்போர்ட் எடுத்த கையோடு அதன் செல்லுபடிக் காலத்தையும் பார்த்துவிடுங்கள்; அங்கே தங்கப் போகும் காலத்துக்கு மேல் ஆறு மாதம் இருப்பது பாதுகாப்பு.

பணத்துக்கான சான்று

தூதரக அதிகாரி அறிய விரும்புவது எளிய விஷயம்: ஐ-20 இல் குறிப்பிட்டுள்ள முதலாண்டுச் செலவுக்கு உடனே எடுக்கக்கூடிய பணம் இருக்கிறதா, மீதமுள்ள ஆண்டுகளுக்கு நம்பத்தகுந்த வழி இருக்கிறதா என்பதே அது. சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, வங்கிக் கல்விக் கடனுக்கான ஒப்புதல் கடிதம், பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை ஆகியவை நேரடிச் சான்றுகள். வீடு, நிலம், நகை ஆகியவற்றை மதிப்பிட்டுப் பட்டயக் கணக்காளர் தரும் சான்றிதழ் குடும்பத்தின் பின்னணியைக் காட்ட உதவும். ஆனால் தென்னந்தோப்பை வைத்து ஆகஸ்ட் மாதம் செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாது என்பது அதிகாரிக்கும் தெரியும்.

ஸ்பான்சர் செய்பவர் தந்தையானால் அவருடைய வருமான வரிக் கணக்கும், வங்கி இருப்பும், அவர் செய்யும் தொழிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆண்டு வருமானம் ஆறு லட்சம் என்று கணக்குத் தாக்கல் செய்தவரின் வங்கிக் கணக்கில் நேர்காணலுக்கு முந்தைய வாரம் நாற்பது லட்சம் வந்து விழுந்தால் கேள்வி எழத்தான் செய்யும். அது நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகலை உடன் வைத்திருங்கள். சில நாட்களுக்கு மட்டும் கணக்கில் பணம் போட்டுக் காட்டிவிட்டு வட்டியோடு எடுத்துக்கொள்ளும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்து விசா பெற முயன்றதாக முடிவானால், அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு நிரந்தர நுழைவுத் தடை இருக்கிறது. வெறும் மறுப்பு என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம்; இந்தத் தடை வந்தால் அந்தக் கதவே பெரும்பாலும் மூடிவிடுகிறது.

பணம் அனுப்பும்போது, இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கி வரம்பு பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாராளமானது. வங்கி பிடிக்கும் டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டணம், விண்ணப்பம், ஸ்லாட்

செவிஸ் பதிவுக்கான ஐ-901 கட்டணம் 350 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவை இரண்டும் வெவ்வேறு துறைகளுக்குப் போகின்றன, ஒன்றைக் கட்டினால் மற்றொன்று கட்டியதாகாது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் இவற்றுக்கு மேல் 250 டாலர் கொண்ட புதிய விசாக் கட்டணம் ஒன்றுக்கும் வகை செய்துள்ளது. ஆகவே பணம் கட்டும் நாளில் தூதரகத் தளத்தில் உள்ள தொகையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஐ-901 கட்டணத்தை நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே செலுத்தி ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டு, அதே வகை விசாவுக்கு 12 மாதங்களுக்குள் மீண்டும் விண்ணப்பித்தால் இந்தக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. இடையில் கல்லூரியை மாற்றிக்கொண்டால், கட்டிய தொகையைப் புதிய செவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. இது தெரியாமல் இரண்டு முறை கட்டுபவர்கள் பலர். விசா விண்ணப்பக் கட்டணமோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டியது.

டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். கன்சல்டன்சியில் யாரோ ஒருவர் அவசரத்தில் நிரப்பிய விண்ணப்பத்தில், முன்பு ஒரு முறை விசா மறுக்கப்பட்டதையோ அமெரிக்காவில் அண்ணன் இருப்பதையோ ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், கீழே இருப்பது உங்கள் ஒப்புதல்தான். சுமார் இருபது நிமிடம் அசையாமல் விட்டால் பக்கம் காலாவதியாகிவிடும் என்பதால் அவ்வப்போது சேமித்துக்கொண்டே போங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் அதில் கேட்பார்கள். மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் வெளியுறவுத் துறை அறிவித்தது. பழைய கணக்கொன்றை மறந்துபோய் விட்டுவிடாமல் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு நிரப்புவது நல்லது. இறுதியில் கிடைக்கும் உறுதிப்படுத்தல் பக்கத்தில் உள்ள எண்ணும், நேர்காணல் பதிவில் நீங்கள் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் இரண்டு நாட்களுக்குப் பதிவு செய்ய வேண்டும்: கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் விசா விண்ணப்ப மையத்துக்கு ஒன்று, தூதரக நேர்காணலுக்கு ஒன்று. சென்னையில் நேர்காணல் நடப்பது ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில். ஸ்லாட் கிடைக்காவிட்டால் ஐதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களிலும் எடுக்கலாம். ஆனால் சிங்கப்பூர், துபாய் என்று வேறு நாட்டுக்குப் போய் வாங்கிவிடலாம் என்ற பழைய வழி இப்போது இல்லை. குடியுரிமை உள்ள நாட்டில் அல்லது சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் விதி வந்துவிட்டது.

ஸ்லாட் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் டெலிகிராம் குழுக்களில் நிறைந்திருக்கிறார்கள். உங்கள் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுப்பது ஆபத்து. 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், தானியங்கி மென்பொருளால் எடுக்கப்பட்ட ஏறக்குறைய 2,000 பதிவுகளை ரத்து செய்து, அந்தக் கணக்குகளுக்குப் பதிவு வசதியையும் நிறுத்தி வைத்தது. படிப்பு தொடங்கும் நாளுக்கு 365 நாட்கள் முன்பிருந்தே விசா வழங்கலாம் என்பதால், ஐ-20 வந்த வாரத்திலேயே பதிவைத் தொடங்கிவிட்டால் இத்தகைய ஆட்களுக்குத் தேவையே இருக்காது.

நேர்காணல்

பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப்படுத்தல் பக்கம், நேர்காணல் கடிதம், கையெழுத்திட்ட ஐ-20, ஐ-901 ரசீது ஆகிய ஐந்தும் கட்டாயம். மதிப்பெண் பட்டியல்களும் நிதி ஆவணங்களும் தனிக் கோப்பில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் கொடுங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் அதிகாரி உங்களோடு பேசுவது பெரும்பாலும் சில நிமிடங்களே. ஏன் இந்தப் பல்கலைக்கழகம், ஏன் இந்தப் பாடம், செலவுக்கு யார் பணம் தருகிறார்கள், முடித்த பிறகு என்ன திட்டம் என்பவைதான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாக ஒழுங்குபடும். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அமெரிக்காவிலேயே குடியேற வருகிறவர் என்று சட்டத்தின் 214பி பிரிவு முன்கூட்டியே அனுமானிக்கிறது. அப்படியில்லை, படிக்கத்தான் போகிறேன், எனக்கென்று சொந்த நாட்டில் விட்டுவிட விரும்பாத வசிப்பிடம் இருக்கிறது என்று நிறுவ வேண்டிய கடமை விண்ணப்பதாரருடையது. அதனால்தான் மனப்பாடம் செய்த பதில் இங்கே எடுபடுவதில்லை. ‘உலகத் தரம் வாய்ந்த கல்வி, அனுபவம் மிக்க பேராசிரியர்கள்’ என்பதை அதிகாரி அன்று காலையிலேயே பலரிடம் கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக, ‘கோவையில் பம்புத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன், திரவ இயக்கவியலைக் கணினியில் மாதிரியாக்கும் இந்தப் பாடங்கள் அதற்குத் தேவைப்படுகின்றன’ என்று உங்களுடைய உண்மையைச் சொன்னால் அதில் ஒரு மனிதர் தெரிவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லலாம்.

மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது, புதிதாக விண்ணப்பிக்கலாம். மறுநாளே அதே தாள்களோடு போய் நிற்பதைவிட, பலவீனம் எங்கே இருந்தது என்று பார்த்து அதைச் சரி செய்த பிறகு போவதே சரி. 221ஜி என்ற சீட்டு கொடுத்தால், கூடுதல் ஆவணம் அல்லது கூடுதல் பரிசீலனை தேவை என்று பொருள். நாட்டுப் பாதுகாப்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் தொழில்நுட்பத் துறைகளில் ஆய்வுக்குச் செல்வோருக்கு இது அடிக்கடி வருகிறது. கேட்டதை விரைந்து கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். விமானச் சீட்டை அதுவரை உறுதி செய்யாதீர்கள்.

நுழைவிடம்

படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ஐ-20, சேர்க்கைக் கடிதம், நிதி ஆவணங்கள் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால் குடியேற்ற மேசையில் அவற்றை எடுக்க வழியே இல்லை. அபுதாபி வழியாகச் செல்பவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அந்த விமான நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பதால், அங்கேயே எல்லாம் கையில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த சில நாட்களில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பெயர், வகை, காலம் மூன்றும் சரியா என்று பாருங்கள். மாணவர்களுக்கு நீண்ட காலமாகக் குறிப்பிட்ட முடிவு நாள் இல்லாமல், படிப்பு நடக்கும் காலம் முழுவதும் இருக்கலாம் என்ற பொருள்பட ‘டி/எஸ்’ என்றே பதியப்பட்டு வந்திருக்கிறது. இதை மாற்றி அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று நாள் குறிக்கும் விதியை 2025 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்மொழிந்தது. ஆகவே உங்கள் ஐ-94 இல் நாள் எதுவும் இருந்தால் அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்டஸைக் காப்பது

போனவுடன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். படிப்பு தொடங்கி 30 நாட்களுக்குள் செவிஸ் பதிவு செயலுக்கு வந்தாக வேண்டும். இளநிலை மாணவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முதுநிலைக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகம் சொல்லும். அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் ஒன்றுக்கு மேல் சேராது. வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு பாடம் கடினமாக இருக்கிறது, மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயந்து செமஸ்டர் நடுவில் அதை விட்டுவிடுவது நம் மாணவர்கள் அடிக்கடி செய்வது. பேராசிரியரின் ஒப்புதல் இருக்கிறது, பதிவாளர் அலுவலகத்தின் கணினியும் ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்த ஒரு சொடுக்கில் 12 கிரெடிட் 9 ஆகிவிட்டது என்றால் ஸ்டேட்டஸ் முறிந்துவிடும். உடல்நலக் குறைவு, முதல் பருவத்தில் வரும் மொழிச் சிரமம் போன்ற காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் டிஎஸ்ஓவின் அனுமதி பாடத்தை விடுவதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். கல்லூரி மாறுதல், பாடப்பிரிவு மாறுதல், படிப்பு முடியும் நாளை நீட்டித்தல் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: முதலில் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், பிறகு செய்யுங்கள்.

காவல்துறை தொடர்பான எதையும் சிறிதாக நினைக்க வேண்டாம். மது அருந்தி வண்டி ஓட்டிக் கைதானாலே, வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென முடக்கப்பட்டபோது, அவர்களில் பலருக்கு இருந்தது போக்குவரத்து விதி மீறல், தள்ளுபடியான வழக்கு போன்றவை மட்டுமே. பலர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு அந்த மாத இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. அபராதம் கட்டியதற்கும் வழக்கு முடிந்ததற்கும் கிடைக்கும் நீதிமன்றத் தாள்களைப் பல ஆண்டுகளுக்குத் தூக்கிப் போடாதீர்கள்.

வேலை

வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம்; விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். நூலகம், உணவகம், ஆய்வகம் எல்லாம் இதில் அடங்கும். வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்கிலோ இந்திய உணவகத்திலோ கையில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை, ஒரு மணி நேரமானாலும் சட்ட மீறல். மற்றப் பிழைகளால் ஸ்டேட்டஸ் போனால் அதை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்க இடமுண்டு. அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. கடன் சுமையோடு வந்த பிள்ளைகள் இதில் விழுவதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் அந்தக் கடனை அடைக்கப் போகும் வேலையையே இது பறித்துவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படிப்போடு இணைந்த வெளிவேலைக்கு சிபிடி அனுமதி உண்டு. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்த பிறகே அது கிடைக்கும். நிறுவனத்தின் பெயரும் நாட்களும் அச்சிட்ட புதிய ஐ-20 கையில் வந்த பிறகே வேலைக்குப் போக வேண்டும். முழுநேர சிபிடியை 12 மாதமோ அதற்கு மேலோ பயன்படுத்தினால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி பறிபோய்விடும். ஓபிடி என்பது படிப்பு முடிந்த பின் துறை சார்ந்த வேலையில் 12 மாதம் பயிற்சி பெறும் வாய்ப்பு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு நிறுவனம், ஊழியர்களின் வேலை உரிமையை இணையத்தில் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். படிப்பு முடிவதற்கு 90 நாட்கள் முன்பிருந்து முடிந்த 60 நாட்கள் வரை ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரையைச் செவிஸில் பதிந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்ற உள்கெடுவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90. நீட்டிப்பையும் சேர்த்தால் 150.

சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் 8843 என்ற படிவத்தை அமெரிக்க வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் இருந்தால், இருநாட்டு வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவின்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவைக் கோரலாம். பிற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இல்லாத சலுகை இது. பொது மென்பொருள்கள் உங்களை உள்ளூர்வாசியாகக் கருதித் தவறான படிவத்தை நிரப்பிவிடும் என்பதால், பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் வழியிலேயே கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

ஊருக்கு வருவதும் படிப்பை முடிப்பதும்

தங்கை திருமணம், தாத்தாவின் உடல்நிலை என்று திடீரென ஊருக்கு வர நேரலாம். புறப்படும் முன் ஐ-20 இன் இரண்டாம் பக்கத்தில் உள்ள பயணக் கையெழுத்தைப் பாருங்கள். அது படிக்கும்போது ஓராண்டுக்கும், ஓபிடியில் இருக்கும்போது ஆறு மாதத்துக்கும் செல்லும். விசா காலாவதியாகியிருந்தால் அமெரிக்காவுக்குள் இருப்பதற்குத் தடையில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போகப் புதிய விசா வேண்டும், அதற்கு மறுபடியும் நேர்காணல். இரண்டு வார விடுப்பில் வந்து ஸ்லாட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், விசா காலாவதியாகும் நாளை மட்டும் பயணச் சீட்டு எடுக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

படிப்பு முடிந்த நாளிலிருந்து 60 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம், இன்னொரு பட்டத்துக்காக வேறு பல்கலைக்கழகத்துக்குச் செவிஸ் பதிவை மாற்றலாம், வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்கலாம், அல்லது நாடு திரும்பலாம். டிஎஸ்ஓவின் அனுமதியோடு படிப்பை இடையில் நிறுத்தினால் அவகாசம் 15 நாட்கள். அனுமதியின்றி நிறுத்தினாலோ வேறு வகையில் ஸ்டேட்டஸை இழந்தாலோ அவகாசம் எதுவுமில்லை, அன்றே புறப்பட வேண்டிய நிலை. நிறுத்துவது என்று மனத்தில் முடிவு செய்துவிட்டால்கூட, கடைசி வகுப்புக்குப் போகாமல் இருப்பதற்கு முன்பாக டிஎஸ்ஓவைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பின்னாளில் மீண்டும் விசா கேட்டு நிற்கும்போது அதிகாரியின் திரையில் தெரியப்போவது அந்தப் பதிவுதான்.